சிவப்பு எரிந்த கிணறு

ஆந்திராவின் வடக்கு ஓரத்தில் இருக்கிற எங்கள் உத்தானத்தில் ஒருவரையொருவர் பார்த்தால், சாப்பிட்டாயிற்றா என்று கேட்பதற்கு முன்னால் "எவ்வளவு இருக்கு?" என்று கேட்பார்கள். கேட்பது விளைச்சலை அல்ல, சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் சேரும் கிரியாட்டினின் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவர்கள்கூட அந்தச் சொல்லைத் தடுமாறாமல் சொல்வார்கள். ஒன்றுக்குள் இருந்தால் ஆள் தப்பித்தான். இரண்டைத் தாண்டினால் வீட்டில் பேச்சுக் குறையும். ஆறு, ஏழு என்று போய்விட்டால் என் ஆட்டோவில் இடம் பிடிக்க வேண்டியதுதான்.

வாரத்தில் இரண்டு நாள் எங்கள் ஊர் கொர்லபுட்டுகாவிலிருந்து ஐந்து பேரை டவுன் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகிறேன். சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள். அங்கே அவர்கள் ரத்தத்தைக் குழாய் வழியாக வெளியே எடுத்து, மிஷினில் சுத்தம் செய்து, திரும்ப உள்ளே விடுகிறார்கள். ஐந்து பேர் என்ற கணக்கு மாறுவதே இல்லை. ஆட்கள்தான் மாறிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் வருவது நின்றால் அடுத்த வாரமே யாராவது வந்து, "லோகநாதா, அந்த ஜன்னல் ஓரம் காலியாமே?" என்று கேட்பார்கள். பஸ்ஸில் துண்டு போடுகிற மாதிரி.

தண்டாசி என் மனைவியின் அண்ணன். தென்னை ஏறுவதில் அவரை மிஞ்ச இந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. போன புயலில் பாதித் தோப்பு சாய்ந்த பிறகும், நின்ற மரங்களில் எல்லாம் அவர்தான் ஏறினார். நாற்பத்தோரு வயதில் கால் வீங்கியது. மரம் ஏறுகிறவனுக்குக் கால் வீங்காமல் என்ன செய்யும் என்று ஆறு மாதம் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அதன் பிறகு என் ஆட்டோவுக்கு வந்துவிட்டார். இப்போது அவர் இடது கையில், ஊசி குத்துவதற்காக இரண்டு நரம்புகளைச் சேர்த்துத் தைத்த இடத்தில், தொட்டால் ரத்தம் விர்ரென்று ஓடுவது தெரியும். அந்தக் கையால் ஒரு சொம்பைக்கூடத் தூக்கக் கூடாது என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள்.

அவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று கட்டுப்பாடு. மோரும் அந்தக் கணக்கிலேதான் சேரும். சித்திரை வெயிலில், முந்திரிக்காட்டு அனல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும்போது, அவர் ஒரு வாய்த் தண்ணீரை நெடுநேரம் கன்னத்தில் அடக்கிவைத்துத் துப்புவார். விழுங்கினால் மூச்சு முட்டும். ஊரைச் சுற்றித் தென்னந்தோப்பு, ஆனால் இளநீர் அவருக்கு ஆகவே ஆகாது. அவருடைய மனைவி கூர்மம்மா காய்களை நறுக்கி, வேகவைத்து, அவருக்கு ஆகாத சத்து இறங்கிய அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடியும் வேகவைத்துத்தான் கறி செய்வாள். உப்பும் கிடையாது. "மாட்டுக்குக்கூட இதைவிட ருசியா வைப்பாங்க" என்று தண்டாசி சொல்வார். "மாடு பாலு குடுக்குது, நீ என்ன குடுக்குற?" என்பாள் அவள். இருவரும் சிரித்துக்கொள்வார்கள். நல்ல குடும்பம் அது.

அவர்களுக்கு ஒரே மகள், சுபத்ரா. முந்திரிக்கொட்டை உடைக்கும் ஷெட்டில் அம்மாவோடு வேலைக்குப் போகிறாள். கொட்டையின் பால் பட்டுப் பட்டு இரண்டு பேருக்கும் விரல் நுனிகள் கறுத்திருக்கும். டெக்கலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு நல்ல இடம் வந்திருந்தது. பையன் விசாகப்பட்டினத்தில் வெல்டிங் வேலை பார்க்கிறான். பெண்ணைப் பிடித்துவிட்டது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். உத்தானத்தில் பெண் எடுக்க யாரும் வராத காலத்தில் இப்படி ஒரு சம்பந்தம் வந்ததை ஊரே அதிசயமாகப் பேசியது. சுபத்ராவின் ரத்தத்தைச் சோதித்த சீட்டையும் அனுப்பியாயிற்று. பூஜ்யம் புள்ளி எட்டு. தங்கமான நம்பர்.

இந்தச் சமயத்தில்தான் விசாகப்பட்டினத்துக் காலேஜிலிருந்து பிந்து என்ற பெண் அந்தக் கருவியைக் கொண்டுவந்தாள். எங்கள் ஊருக்கு வராத ஆராய்ச்சிக்காரர்கள் இல்லை. தண்ணீர் எடுத்தார்கள், மண் எடுத்தார்கள், அரிசி எடுத்தார்கள், எங்கள் மூத்திரத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. எடுத்துப்போனவர்களில் யாரும் இதுதான் காரணம் என்று திரும்பிவந்து சொன்னதில்லை. ஆனால் பிந்து எதையும் எடுத்துப்போக வரவில்லை, வைத்துவிட்டுப் போக வந்திருந்தாள். அதனாலேயே எல்லோருக்கும் அவளைப் பிடித்துவிட்டது.

நான்கு கிணறுகளில் மாட்டினாள். தண்டாசி வீட்டுக் கிணறு அதில் ஒன்று. முழ நீளக் குச்சி, அதன் நுனியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு தகடு, தகட்டின் மேல் கறுப்பாக ஒரு பூச்சு. அது நைலான் கயிற்றில் தண்ணீருக்குள் தொங்கியது. மேலே கைப்பிடிச் சுவரில் ஒரு பெட்டி, பெட்டியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்கு.

"அந்தக் கறுப்பு என்னம்மா, கண்ணுக்குப் போடற மையா?" என்று கூர்மம்மா கேட்டாள்.

"கரிதான் ஆன்ட்டி. ஆனா ரொம்ப ரொம்ப மெல்லிசு. ஒரு தலைமுடியை நெட்டுவாக்குல லட்சம் பங்காக் கிழிச்சா ஒரு பங்கு எவ்ளோ இருக்குமோ, அவ்ளோதான் கனம். நானோன்னு சொல்லுவாங்க."

"தோப்புக்கு அடிக்கச் சொல்லி பாட்டில்ல குடுத்தாங்களே நானோ யூரியா, அதுக்குச் சொந்தமா?" என்றார் தண்டாசி.

"பேருதான் ஒண்ணு அங்கிள்."

"அதை அடிச்சு ஒரு காய்கூட ஒசத்தியா புடிக்கலை. இதாச்சும் வாயத் தொறக்குதான்னு பாப்போம்."

பிந்து சிரித்தாள். "தண்ணியில ஈயம், ஆர்செனிக், ஃப்ளோரைடு, உரத்து உப்பு, இதெல்லாம் அளவு மீறிப் போனா இந்தக் கரியில கரண்ட் ஓடற விதம் மாறும். உடனே சிவப்பு எரியும். என் போனுக்கும் வந்துடும்."

"எங்க நோவு எதனாலன்னு சொல்லிடுமா?"

அந்தப் பெண் கயிற்றின் முடிச்சை இழுத்துப் பார்த்தாள். "இது தெரிஞ்ச விஷத்தை மட்டும்தான் காட்டும் அங்கிள். இன்னும் யாருக்கும் தெரியாதது ஏதாச்சும் இருந்தா, இதுக்கும் தெரியாது" என்றாள். பொய் சொல்லத் தெரியாத பெண்.

அவள் பொத்தானை அழுத்தியபோது கிணற்றைச் சுற்றி நாற்பது பேராவது இருந்திருப்போம். பிரசவ அறைக்கு வெளியே நிற்பவர்களைப் போல நின்றோம். பச்சை எரிந்தது.

"தண்ணி ரொம்ப நல்லா இருக்கு ஆன்ட்டி!" என்று பிந்து சந்தோஷமாகக் கத்தினாள். பக்கத்து வீட்டு பார்வதம்மா, பத்து வருடமாக இந்தக் கிணற்றில்தான் தண்ணீர் எடுக்கிறவள், போன ஐப்பசியில் புருஷனைப் பறிகொடுத்தவள், குடத்தை இடுப்பில் வைத்தபடியே கேட்டாள்.

"நல்லா இருக்கா? அப்ப எங்க வீட்டுக்காரரு எதுக்கும்மா செத்தாரு?"

மற்ற மூன்று கிணறுகளிலும் பச்சைதான். சாயங்காலம் பிந்து பஸ் ஏறிப் போனாள். ஊரில் யாருக்கும் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த ஆஸ்பத்திரி நாளில் ஆட்டோவுக்குள் இதே பேச்சு.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் பைராகி. கள் இறக்கிக்கொண்டிருந்தவர், இப்போது ஐந்து பேரில் ஒருவர். "தண்ணியில ஒண்ணும் கெடையாது. முந்திரிக்கு மருந்தடிச்சோம் பாரு, மூக்குல துணிகூடக் கட்டாம, அதுதான்."

"நீ எங்கய்யா மருந்தடிச்ச? மரத்து மேல உக்காந்து கள்ளுதான் குடிச்சுக்கிட்டிருந்த" என்றார் தண்டாசி.

"சரி, கள்ளுனால வந்துச்சுன்னே வெச்சுக்க. உனக்கு எதனால? நீதான் இளநீரு தவிர வேற எதையும் தொடாத உத்தமனாச்சே."

"எனக்குப் பொண்டாட்டி சமையல்னால."

ஐந்து பேரும் சிரித்தார்கள். வண்டி குலுங்கியது. கொஞ்ச தூரம் போனபிறகு பைராகி சாதாரணமாகச் சொன்னார்: "சிவப்பு எரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்டா தண்டாசி. கெணத்தை மூடிட்டு வேற தண்ணி குடிப்போம். புள்ளைங்களாச்சும் தப்பிக்கும். பச்சைன்னா எதை மூடறது?"

தண்டாசி வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

பச்சை விளக்கு எரிந்த செய்தி டெக்கலிக்கு எப்படிப் போயிற்றோ தெரியவில்லை. கெட்ட செய்திக்கு மட்டும் பஸ் வேண்டியதில்லை. பையனின் தாய்மாமன் சிம்மாத்ரி எனக்குத்தான் போன் செய்தார். தண்டாசி வீட்டுக்குப் போனேன். கூர்மம்மா கருவாடு சுட்டுக்கொண்டிருந்தாள், அவளுக்கும் மகளுக்கும். தண்டாசிக்குத் தனியாக, இரண்டு தரம் வெந்து வெளுத்துப்போன புடலங்காய்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் கூர்மம்மா.

"தண்ணி நல்லா இருக்குன்னு மிஷின் சொல்லிடுச்சாமே, அப்ப நோவு ரத்தத்துல வர்றதுதானேன்னு பையனோட அம்மா கேக்குதாம்."

"சுபத்ரா சீட்டை அனுப்பினோமே?"

"இன்னைக்குப் புள்ளி எட்டு இருக்கு, நாப்பது வயசுல எவ்வளவு இருக்கும்னு சீட்டுல எழுதலையேங்குதாம். அவங்க அப்பாவுக்கும் முப்பது வயசுல நல்லாத்தானே இருந்திருக்கும்ங்குதாம்."

கூர்மம்மா கருவாட்டை அடுப்பிலிருந்து எடுக்க மறந்துவிட்டாள். வீடெல்லாம் கருகல் வாடை. "தண்ணின்னா பரவால்லையாமா?"

"தண்ணின்னா, கல்யாணம் பண்ணி அங்க கூட்டிக்கிட்டுப் போயிட்டா அங்கத்துத் தண்ணிதானே குடிக்கப்போறா, அதுல ஒண்ணும் பயமில்லைங்கறாரு சிம்மாத்ரி. ஞாயித்துக்கிழமை வர்றாங்க. அந்த விளக்கைக் கண்ணால பாக்கணுமாம்."

"பச்சையா எரியற விளக்கை வந்து பாத்து என்ன பண்ணப்போறாங்க?" என்று கூர்மம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "ஊர்ல எத்தனை கெணறு இருக்கு! நம்ம வீட்டுலதானா அந்தப் பொண்ணு அதைக் கொண்டாந்து கட்டணும்? காபி வேற போட்டுக் குடுத்தேனே!"

சுபத்ரா உள்ளே முந்திரி ஷெட்டுக்குப் போடும் பழைய சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கும். வெளியே வரவில்லை. தண்டாசி மட்டும் ஏதோ யோசனையாக இருந்தார்.

வெள்ளிக்கிழமை மதியம் அவரை மருந்து வாங்கக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. போனபோது வீட்டில் பெண்கள் இல்லை. அவர் கிணற்றடியில் தரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வாய் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தென்னைக்கு வைக்கும் உரச்சாக்கு, காலியாக. இடது கை, தூக்கவே கூடாத கை, முழங்கை வரைக்கும் சாம்பல் நிறக் குருணை.

"மச்சான், என்ன காரியம் பண்ணியிருக்கீங்க?"

அவர் மேலே சுவரில் இருந்த பெட்டியைக் காட்டினார். சிவப்பு எரிந்துகொண்டிருந்தது.

"உரத்து உப்புன்னா காட்டும்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சுல்ல? நெசமாவே காட்டுதுடா! நல்ல மிஷின்!" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அவர் மரம் ஏறிய காலத்தில் பார்த்தது. "கூர்மிகிட்ட சொல்லாத. அவளுக்குப் பொய் சொல்ல வராது. முகத்துலயே காட்டிக்குடுத்துடுவா."

கையைக் கழுவிவிட்டேன். நரம்பு தைத்த இடம் வீங்கியிருந்தது. திட்ட வேண்டும் என்று தோன்றியது. திட்டி என்ன ஆகப்போகிறது? அந்த மனுஷனுக்கு மகளுக்காகச் செய்ய இந்த உலகத்தில் இது ஒன்றுதான் மிச்சம் இருந்தது. சாக்கைச் சுருட்டி ஆட்டோ சீட்டுக்கு அடியில் போட்டுக்கொண்டேன்.

பிந்து போன் செய்தாள். உரத்து உப்பு மட்டும் திடீரென்று ஏறியிருக்கிறதே, தோப்பில் உரம் வைத்தார்களா என்று கேட்டாள். வைத்தார்கள் என்றேன். திங்கட்கிழமை வந்து பார்க்கிறேன், அதுவரைக்கும் யாரும் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம் என்றாள்.

சாயங்காலத்துக்குள் ஊரே கூடிவிட்டது. சிலர் செல்போனில் படம் பிடித்தார்கள். பச்சை எரியும் கிணற்றுக்காரர்கள், "உங்களுக்காச்சும் தெரிஞ்சுதே" என்று பொறாமையோடு சொன்னார்கள். கூர்மம்மா ஷெட்டிலிருந்து ஓடிவந்து, விளக்கைப் பார்த்து, முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகை முடிந்ததும் கிணற்றைத் திட்ட ஆரம்பித்தாள். "பாவி, என் புருஷனை நீதானே தின்ன? பச்சையைக் காட்டி எங்களை ஏமாத்துனியே!" சிம்மாத்ரிக்கு அவளே போன் போட்டுச் சொன்னாள்.

பார்வதம்மா மட்டும் கடைசியில் வந்தாள். விளக்கையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். பிறகு தண்டாசி உட்கார்ந்திருந்த கட்டிலுக்குப் பக்கத்தில் வந்தாள்.

"பத்து வருசமா நான்தானே அண்ணே எடுத்துப் போயி ஊத்துனேன்? என் கையாலதானே குடிச்சாரு?"

தண்டாசியின் முகம் வெளுத்துவிட்டது. இதை அவர் நினைத்துப் பார்க்கவில்லை. "இல்லைம்மா... அப்படியெல்லாம் நெனைக்காத..." என்று இழுத்தார்.

"நீங்க என்ன பண்ணுவீங்க, நீங்களும் அதைத்தானே குடிச்சீங்க" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். அவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். ஞாயிறு வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சிம்மாத்ரியும் பையனின் அப்பாவும் ஒரு காரில் வந்தார்கள். சிம்மாத்ரி கெட்டவர் இல்லை. நிதானமான ஆள், வார்த்தையை அளந்து பேசுவார். கூர்மம்மா பலாக்காய்க் கறியும் வஞ்சிரம் மீனும் சமைத்திருந்தாள். தண்டாசியைக் கட்டிலில் விட்டுவிட்டு எல்லோரும் கிணற்றடிக்குப் போனோம். சிவப்பு எரிந்தது. சிம்மாத்ரி குனிந்து உள்ளே பார்த்தார், கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"ஆக, தண்ணிதான்" என்றார்.

"தண்ணியேதான்" என்றாள் கூர்மம்மா. "எங்க வம்சத்துல யாருக்கும் கெடையாதுங்க. இவரோட அப்பா எண்பது வயசு இருந்தாரு. இந்தப் பாழாப்போன தண்ணிதான்."

"இது எப்ப வெட்டுன கெணறு?"

"எனக்குக் கல்யாணம் ஆகி வந்த வருசம் வெட்டுனது."

சிம்மாத்ரி தலையாட்டிக்கொண்டார். பையனின் அப்பாவைப் பார்த்தார். பிறகு, கேட்கச் சங்கடப்படுகிறவர் போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டார்: "அப்ப பொண்ணும் பொறந்ததுலேருந்து இதைத்தானே குடிச்சிருக்கும்?"

சமையலறை வாசலில் தட்டோடு நின்ற சுபத்ரா தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள்.

அவர்கள் சாப்பிடவில்லை. வேறொரு விசேஷத்துக்குப் போக வேண்டும் என்றார்கள். கார் திரும்பித் தெருவுக்குப் போனபோது தண்டாசி கட்டிலிலிருந்து எழுந்தார். நான் பிடிக்கப் போனேன், தட்டிவிட்டார். வீங்கிய காலை இழுத்துக்கொண்டு, வேட்டி தடுக்க, காருக்குப் பின்னாலேயே போனார்.

"நில்லுங்க! நான்தான் உரத்தைப் போட்டேன்! தண்ணி நல்ல தண்ணிதான், பச்சைதான் எரிஞ்சுது! இந்த லோகநாதனைக் கேளுங்க! என் பொண்ணு நல்ல தண்ணிதான் குடிச்சு வளந்தா!"

கார் நின்றது. தெருவில் கதவுகள் திறந்தன. சிம்மாத்ரி இறங்கி வந்து, தண்டாசியின் தைத்த கையை விட்டுவிட்டு மற்றக் கையைப் பிடித்துக்கொண்டார். நான் தலையாட்டினேன், சாக்கு இன்னும் என் வண்டியில்தான் இருக்கிறது என்றேன்.

"அண்ணே, உங்க மனசு புரியுது" என்றார் சிம்மாத்ரி. "நம்பறேன். தண்ணி நல்ல தண்ணி. அப்ப உங்களுக்கு எப்படி வந்துச்சு?"

தண்டாசி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

"நீங்களே ஒண்ணு சொல்லிக் குடுங்க. நான் போயி என் தங்கச்சிகிட்ட அதையே சொல்றேன். என்ன சொல்லட்டும்?"

சிம்மாத்ரி தண்டாசியின் தோளைத் தட்டிவிட்டுக் காரில் ஏறிக்கொண்டார்.

தண்டாசியை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். கூர்மம்மா கிணற்றடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். புருஷனைத் திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை. பார்வதம்மா வந்தாள். சண்டை போடத்தான் வருகிறாள் என்று நினைத்தேன்.

"இன்னும் நாலு நாளு கழிச்சுச் சொல்லியிருக்கக் கூடாதா அண்ணே?" என்றாள். "ஐப்பசிக்கு அப்புறம் இந்த ரெண்டு ராத்திரிதான் தூங்கினேன். இன்னதுதான்னு தெரிஞ்சுபோச்சேன்னு."

தண்டாசி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். சுபத்ரா வெளியே வந்து அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழவில்லை. அவர் இடது கையை எடுத்து மடியில் வைத்து, வீக்கத்தைத் தடவிக்கொடுத்தாள்.

"அப்பா, இன்னொருத்தங்க வருவாங்கல்ல? அவங்ககிட்ட எதைச் சொல்றது? தண்ணின்னு சொல்றதா, ரத்தம்னு சொல்றதா? இப்பவே முடிவு பண்ணிடுங்க. நான் அதையே சொல்லிக்கிட்டு இருந்துடறேன்."

தண்டாசி மகளைப் பார்த்தார், கூர்மம்மாவைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"லோகநாதா, நீதான் நாலு ஊரு போறவன், டாக்டருங்களைப் பாக்கறவன். நீ சொல்லுடா."

எனக்கு என்ன தெரியும்? அழுகைதான் வந்தது.